இரண்டாவது வாளின் விலை

காட்டுப் பாதையில் புதரை விலக்கிக்கொண்டு காப்லின் எனும் குட்டிப் பூதங்கள் நான்கு பாய்கின்றன. பகடை உருட்டி, யார் முதலில் என்பது முடிவாகிவிட்டது. ரோக் என்ற கள்வன் பாத்திரத்தை ஆடுபவர், "ரெண்டு குறுவாளையும் உருவி ரெண்டாலயும் வெட்டறேன்" என்கிறார். ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், "ஒண்ணுதான் உருவலாம்" என்கிறார். புத்தகம் புரட்டப்படுகிறது. அடுத்த பத்து நிமிடம் காப்லின்கள் பாய்ந்த நிலையிலேயே அந்தரத்தில் நிற்கின்றன.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு (2014) விதிப்படி டஞ்சன் மாஸ்டர் சொன்னதே சரி. தன் முறை வரும்போது ஒருவர் ஒரு பொருளை இலவசமாகக் கையாளலாம்: ஒரு வாளை உருவலாம், ஒரு கதவைத் திறக்கலாம். இரண்டாவது பொருளைத் தொட்டால், தாக்குதல் போன்ற பெரிய செயலுக்கென முறைக்கு ஒன்றாகக் கிடைக்கும் ஆக்‌ஷன் போய்விடும். அதே நூல்தான், இலகுவான ஆயுதத்தால் தாக்கியவர் மறு கையிலுள்ள இன்னொரு இலகுவான ஆயுதத்தால், கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் மீண்டும் தாக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்த விதிக்கு நியாயம் உண்டா?

முதலில் கணக்கு. முதல் நிலை வீரர்கள் இருவர்; இருவருக்கும் திறன் கூட்டல் 3. பெருவாள்காரர் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுகிறார்: சராசரி 7, கூட்டலோடு 10. இரட்டைக் குறுவாள்காரருக்கு முதல் வெட்டு 3.5 உடன் 3. இரண்டாம் வெட்டுக்குக் கூட்டல் கிடையாது, வெறும் 3.5. மொத்தம் அதே 10. தராசு நேராகத்தான் நிற்கிறது. ஆனால் சண்டையின் முதல் சுற்றில் பெருவாள்காரர் ஒரே உருவலில் தன் 10-ஐயும் பெறுகிறார். இரட்டை வாள்காரர் 6.5-இல் நின்றுவிடுகிறார்.

இழப்பு உண்மையில் எவ்வளவு? அடி விழும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்தால், தவறிய இரண்டாம் வெட்டின் மதிப்பு 2.1. முறைக்கு ஒருமுறை கிடைக்கும் ரோக்கின் மறைதாக்குதல் பகடைக்கு (ஆறுமுகப் பகடை ஒன்று) இரண்டு வாய்ப்புக்குப் பதில் ஒன்றுதான் என்பதால் இன்னும் ஒரு 0.84. ஆக ஏறக்குறைய 3 புள்ளி. ஒரு காப்லினின் உயிர் 7 புள்ளி. சண்டைக்கு ஒருமுறை பாதிக் காப்லின்கூடத் தேறாத இந்தத் தொகைக்காகத்தான் பத்து நிமிடம் புத்தகம் புரட்டினோம்.

விதியின் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுப்பது யதார்த்த வாதம். அது நிற்காது. ஒரு சுற்று ஆறு விநாடி. அதற்குள் முப்பது அடி ஓடி, வாளை உருவி, எதிரியை வெட்ட விதி அனுமதிக்கிறது. இடுப்பின் இரு பக்கமும் உறை கட்டியவர் இரு கைகளையும் குறுக்கே நீட்டி ஒரே இழுப்பில் உருவ மட்டும் ஆறு விநாடி போதாதா?

அடுத்த வாதம் கனமானது. இருண்ட நிலவறையில் கைதான் செல்வம். ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் வாள் என்றால் மூன்றாவது பொருளுக்கு இடமில்லை. கேடயம் மாட்டவே ஒரு ஆக்‌ஷன் ஆகிறது. கைக்கு விலை வைத்தால்தான் இப்படிப்பட்ட முடிவுகளுக்குச் சுவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரட்டை வாள்காரர் அந்த விலையை ஏற்கெனவே கட்டிவிட்டார். கேடயம் தரும் 2 புள்ளிப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பந்தம் பிடிக்கக் கையும் இல்லை. உருவும்போது மறுபடி வசூலிப்பது ஒரே பண்டத்துக்கு இரண்டு சுங்கம்.

இந்தச் சுங்கத்தை ஏய்க்க ஒரே வாக்கியம் போதும்: "எப்பவும் வாளை உருவிக்கிட்டேதான் நடக்கறேன்." ஆக, தண்டனை விழுவது ஊருக்குள் வாளை உறையில் போட்டுக்கொண்டு பண்போடு நடக்கும் பாத்திரத்தின் மேல்தான். நன்றாகப் பாத்திரமேற்பவரைத் தண்டிப்பது பாத்திரமேற்பு ஆட்டத்தில் சிறு குறை அல்ல.

விதிக்கு ஒட்டுப்போட்ட இடங்களும் இந்தக் குறைக்குச் சாட்சி. இரண்டையும் ஒருசேர உருவும் உரிமையை டூயல் வீல்டர் என்ற ஃபீட், அதாவது விருப்பச் சிறப்புத் திறமை, தருகிறது. பெரும்பாலோருக்கு அது நான்காம் நிலைக்கு முன் எட்டாது, எட்டும்போதும் திறன் உயர்வைக் கைவிட வேண்டும். எறியாயுதக்காரர்களும் இதே சுவரில் முட்டினார்கள். 2020-இல் வந்த துணைநூலில் அவர்களுக்கெனத் தனிப் போர்ப்பாணி சேர்க்கப்பட்டது.

மற்ற விதிகள் எப்படி? இதே ஆட்டத்தின் 2003-இன் 3.5 பதிப்பில், இரட்டை ஆயுதப் பயிற்சி ஃபீட் உள்ளவர் ஒன்றை உருவும் நேரத்தில் இரண்டை உருவலாம். வாக்கியம் பொன்னானது, அமர்ந்த இடம் சரியில்லை. இரண்டாலும் தாக்க முழுச் சுற்றும் தேவை, உருவலோ அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு (2019) கறார்: முறைக்கு மூன்று ஆக்‌ஷன், உருவல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இரட்டை வாள்காரருக்கு மிஞ்சுவது ஒரே வெட்டு. ஆனால் அங்கே பெருவாளுக்கும் ஒரு ஆக்‌ஷன் போகிறது. விலைப்பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. கடுமை இருக்கிறது, ஓரவஞ்சனை குறைவு.

2024-இன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் திருத்தம், இலவசக் கையாளல் போக, தாக்குதல் ஆக்‌ஷனின் ஒவ்வொரு தாக்குதலோடும் ஓர் ஆயுதத்தை உருவவோ உறையிலிடவோ அனுமதிக்கிறது. காப்லின் தகராறு தீர்ந்தது. ஆனால் "மறு கையில்" என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். விளைவாக, ஒரு கையில் கேடயத்தைப் பிடித்தபடி மறு கையிலேயே ஒரு வாளால் வெட்டி, உறையிலிட்டு, அடுத்ததை உருவி வெட்டும் கழைக்கூத்துக்கு வழி திறந்திருக்கிறது. இரண்டு கையை விலையாகக் கொடுத்தவரின் ஆதாயம் விலை கொடுக்காதவருக்கும் போகிறது.

இந்த விதிகள் எல்லாமே உருவுவதையும் மாற்றுவதையும் ஒரே தட்டில் வைக்கின்றன. உருவுவது ஆயத்தம், அதில் ஆட்டக்காரர் யோசித்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. வில்லைப் போட்டு வாளெடுப்பதும், பந்தத்தை விட்டு இரண்டாம் வாளுக்குக் கை நீட்டுவதும்தான் முடிவுகள். விலை அங்கே இருக்கட்டும்.

என் தீர்ப்பு: 2014 விதியின் சட்டகம் இருக்கட்டும்; 3.5-இன் வாக்கியத்தை ஃபீட் நிபந்தனை இன்றி அதற்குள் கொண்டுவாருங்கள். இரு கையும் காலியாக இருப்பவர் இலகுவான இரண்டு ஆயுதங்களை ஒரே கையாளலாக உருவலாம். உறையிலிடுவதும் மாற்றுவதும் முன்போலவே ஒவ்வொன்றாக. அந்த ரோக் வெட்டட்டும். காப்லின்கள் எவ்வளவு நேரம்தான் அந்தரத்தில் நிற்கும்?