பாணியும் சான்றும்

கொள்ளைநோய் மனிதனின் உடலோடு சமுதாயத்தின் அறிவையும் அறத்தையும் சேர்த்தே சோதிக்கிறது. கொவிட் காலத்துச் சோதனையில் நம் நாடு எவ்வாறு நடந்துகொண்டது என்பதை நிதானமாக எடைபோடுவது நமது கடமையாகும்.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர், தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்றை நோய்க்கு மருந்தென்றார். காளியின் அருளால் கிடைத்ததென்றார். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சுகாதார அமைச்சரே பலரறியப் பருகினார். 2021 சனவரியில் அவருக்கும் தொற்று ஏற்பட்டது. அதை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. வரிசையில் நின்ற ஏழையையும் பழிக்கமாட்டோம்; தடுப்பூசி நாட்டுக்கு வந்துசேராத நாட்கள் அவை. சோதிக்கப்படாத ஒன்றுக்கு அரசின் மதிப்பை இரவல் கொடுத்தவர்களே பொறுப்பாளிகள்.

போலியோத் தடுப்பூசியை ஆக்கிய ஜோனாஸ் சால்க், 1953இல் தமக்கும் தம் மனைவி மக்களுக்கும் அதனை ஏற்றினார். எனினும் அத்துடன் அவர் அமைந்துவிடவில்லை. 1954இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பங்குகொண்ட பரிசோதனை நடந்தது. அதன் முடிவை மதிப்பிட்டவர் வேறோர் அறிஞர். தன்னுடலைப் பணயம் வைப்பவனின் துணிவைப் போற்றலாம்; ஆனால் பிறருடலுக்கு அது சான்றாகாது.

அதே காலத்தில் புத்தளத்து மக்கள் அரசின் வேறொரு முகத்தைக் கண்டனர். நோயால் இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் எரிப்பதே விதியாயிற்று. 2021 பெப்ரவரியிலேயே அது தளர்ந்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பாணிக்குச் சான்று கேளாதவர்கள், ஜனாஸாவை அடக்கஞ் செய்வதற்கு மட்டும் சான்று கேட்டனர்! இஃது அறியாமை மட்டுந்தானா?

நோய் வந்து தேறியவனுக்கு 'எதிர்ப்புச்சக்திக் கடவுச்சீட்டு' வழங்கும் யோசனையும் அக்காலத்தில் எழுந்தது. 2020 ஏப்ரலில் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கெதிராக எச்சரித்தது. 19ஆம் நூற்றாண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரில் மஞ்சட் காய்ச்சலில் பிழைத்தவனையே முதலாளிகள் விரும்பி வேலைக்கமர்த்தினர் என்பதை, கத்ரின் ஒலிவேரியஸ் 'நெக்ரோபொலிஸ்' (2022) என்னும் நூலில் விரித்துரைக்கிறார். வேலைக்காக வலிந்து நோயைத் தேடியோரும் அங்கு உண்டு. கற்பிட்டியில் அன்றாடம் கரைவலை இழுப்பவனுக்கும், உப்பளத்துக் கூலிப் பெண்ணுக்கும் அத்தகைய சீட்டு விதிக்கப்பட்டால் என்ன நேரும்? பட்டினி அவர்களை நோயின் வாயிலுக்கே துரத்தும்.

தடுப்பூசி அட்டை இதனின்று வேறானது. அதைப் பெற எவரும் நோயுற வேண்டியதில்லை. பொது இடங்களுக்கு வருவோர் 2022 ஏப்ரல் 30 முதல் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருக்க வேண்டுமென அவ்வாண்டு சனவரியில் வர்த்தமானி விதித்தது. அவ்விதியை முற்றாக நாம் மறுக்கவில்லை. பத்தலங்குண்டுத் தீவின் வாடிவரை ஊசி இலவசமாகச் சென்றடைந்த பின்னர், மக்களுக்கு அவர்தம் மொழியில் விளக்கிய பின்னர், அட்டையைக் கேட்பது நியாயம். அதற்கு முன் கேட்பது ஏழையைத் தண்டிப்பதாகும்.

மக்களிடம் சான்று கேட்கும் அரசு, தன் மருந்துக்கும் தன் சட்டத்துக்கும் மக்கள்முன் சான்று காட்டக் கடமைப்பட்டது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் அக்கேள்வியைக் கேட்கும் துணிவை நம் மாணவர்க்கு ஊட்டுவோமாக.