பதில் யாருக்கு? – ஷீஆ மறுப்பு நூல்கள் பற்றி ஒரு வாசிப்பு

ஷீஆக்களைக் கண்டித்து ஸலபி அறிஞர்கள் எழுதியவை நம்மிடையே தாராளமாகப் புழங்குகின்றன. கப்றுகளை வணங்குகிறார்கள், குர்ஆன் மாற்றப்பட்டதென நம்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டுகள் மிம்பர் வரைக்கும் வந்துவிட்டன. அந்தப் பக்கத்து உலமாக்கள் இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் எண்டு கேட்டால், "அவங்க தகிய்யா செய்வாங்க, அதை வாசிச்சு என்ன பலன்?" என்கிறார்கள். ஒருவரைப் பேசவே விடாமல் தீர்ப்பு எழுதுவது எந்தக் காழியார் மன்றத்திலும் செல்லாது. நான் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவன். ஷீஆக் கொள்கைக்காக வாதாட இதை எழுதவில்லை. அந்தப் பதில்களை நூல்களாக எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்க்கவே எழுதுகிறேன்.

மத்ரஸாவில் முனாழரா படித்தவர்களுக்கு இரண்டு வகைப் பதில்கள் தெரிந்திருக்கும். ஒன்று இல்ஸாமி: எதிராளியின் கிதாபை எடுத்தே அவரை மடக்குவது. மற்றது தஹ்கீகி: விடயத்தின் உண்மை என்னவென்று ஆராய்ந்து சொல்வது. ஷீஆப் பதில்களை வாசிக்க இந்த அளவுகோலே போதும்.

இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் நஜபின் ஷெய்க் ஜஃபர் காஷிபுல் கிதா (மறைவு 1813). முதலாவது ஸவூதி அரசின் அமீரிடமிருந்து வந்த கடிதத்துக்கு அவர் எழுதிய பதில்தான் 'மன்ஹஜுர் ரஷாத்'. அமீர் ஏற்கும் ஸுன்னி ஹதீஸ்களைக் கொண்டே அதில் அவர் பேசுகிறார். தொனியில் நிதானம் இருக்கிறது. ஆனால் 1802இல் வஹ்ஹாபிப் படை கர்பலாவுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், இமாம் ஹுஸைனின் அடக்கத்தலம் சூறையாடப்பட்டது. ஷிர்க் என்ற சொல்லை ஒரு கூட்டத்தின் மீது எறிந்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இது சாட்சி. பிற்கால ஷீஆ நூல்களின் கோபத்தை வாசிக்கும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது.

முதலில் கப்று விவகாரம். உயர்ந்த கப்றுகளைச் சமப்படுத்துமாறு அலீ (ரழி) அவர்கள் அபுல் ஹய்யாஜுக்குச் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. நம்மூர் ஸியாரத் தர்க்கங்களிலும் அடிக்கடி அடிபடுவது இதுதான். கும் நகரத்து அறிஞர் ஜஃபர் ஸுப்ஹானி 'அல்வஹ்ஹாபிய்யா பில் மீஸான்' என்ற நூலில் இதற்கு இரண்டு பதில்கள் சொல்கிறார். ஒன்று, அறிவிப்பாளர் வரிசையில் குறை. இரண்டு, சமப்படுத்துதல் என்றால் தரைமட்டமாக்குவது இல்லை, ஒட்டகத் திமில் போன்ற மேற்பரப்பைத் தட்டையாக்குவது. இரண்டாவது வாதம் நமக்குப் புதிதல்லவே! கப்று ஒரு சாண் உயர்ந்து மேலே தட்டையாக இருப்பதே ஸுன்னத் என்று இமாம் நவவியும் முஸ்லிமின் விரிவுரையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு சாண் உயரத்திலிருந்து பொற்குவிமாடம் வரைக்கும் எப்படி ஏறுவது? மக்காவில் கப்றுகள் மேல் கட்டியவற்றை ஆட்சியாளர்கள் இடித்ததையும், புகஹாக்கள் அதைக் குறை சொல்லாததையும் இமாம் ஷாபிஈ 'அல்உம்மு'வில் பதிந்திருக்கிறார். அறிவிப்பாளர் குறை சொல்லி முஸ்லிமின் ஹதீஸை ஒதுக்கினாலும், ஷீஆக்களின் 'அல்காபி'யிலேயே இதே கருத்துள்ள ஓர் அறிவிப்பு கிடக்கிறது. பொதுவாகக் கப்றின் மேல் கட்டடம் எழுப்புவது மக்ரூஹ் என்று ஷீஆ பிக்ஹும் சொல்கிறது. நபிமார், இமாம்கள் போன்றோருக்கு அது விலக்கு அளிக்கிறது. விவாதிக்க வேண்டிய இடம் அந்த விலக்குத்தான். எதிராளியின் அறிவிப்பாளர்களைத் தாக்கும் இல்ஸாமிப் பதில் அந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகிறது.

அதே ஸுப்ஹானி, இபாதத் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில் உயர்ந்து நிற்கிறார். பணிவது மட்டுமே இபாதத் என்றால் ஆதமுக்கு மலக்குகள் செய்த ஸுஜூதும், யூஸுபுக்குச் சகோதரர்கள் செய்ததும் ஷிர்க்காகிவிடும். ஆகவே யாருக்குப் பணிகிறோமோ அவரிடம் இறைத்தன்மை இருப்பதாக நம்பும்போதே அது இபாதத் ஆகிறது என்கிறார். இதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பவர் ஒரு மாற்று வரைவிலக்கணத்தோடு வர வேணும். "ஷிர்க், ஷிர்க்" எண்டு சத்தம் போட்டால் மட்டும் சரிவராது.

அடுத்தது அல்குர்ஆன். எகிப்தில் வாழ்ந்த முஹிப்புத்தீன் அல்கதீப் 'அல்குதூதுல் அரீழா' என்ற சிறுநூலில் ஷீஆக்களுக்கு எதிராகக் காட்டிய முக்கிய ஆதாரம், மிர்ஸா ஹுஸைன் நூரி (மறைவு 1902) எழுதிய 'பஸ்லுல் கிதாப்'. குர்ஆனில் மாற்றம் நேர்ந்தது என்று வாதிடும் நூல் அது. அதை எழுதியவர் ஒரு பெரிய ஷீஆ முஹத்திஸ். இதை மறைக்க முடியாது. எனினும் நூரிக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முன்னரே, இரண்டு அட்டைகளுக்கிடையில் மக்கள் கையில் இருப்பதே குர்ஆன் என்று ஷெய்க் ஸதூக் (மறைவு 991) தமது அகீதா நூலில் எழுதிவிட்டார். அவரை விட்டுவிட்டு நூரியை மட்டும் எடுத்து ஒரு சமூகத்தின் ஈமானையே அளப்பது அநீதி.

இதற்கு வந்த பதில்களில் பல, "உங்கட கிதாபுகளிலயும் இருக்குதுதானே" என்ற ரகம். ஆயதுல்லாஹ் கூயீயும் (1899–1992) 'அல்பயான்' நூலில் அதைச் செய்கிறார். ஓதல் மட்டும் நீக்கப்பட்ட வசனங்கள் உண்டென்று ஸுன்னிகள் ஏற்பது மாற்றத்தை ஏற்பதற்குச் சமம் என்கிறார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. தம் வீட்டு அறிவிப்புகளையே எடுத்து வைக்கிறார். அவற்றில் பெரும் பகுதி ஸய்யாரி என்ற நம்பத்தகாதவர் வழியே வந்தது என்று காட்டுகிறார். சில அறிவிப்புகள் இமாம்களிடமிருந்தே வந்தவை என்பதையும் ஒத்துக்கொள்கிறார். அவை வசனத்தின் விளக்கத்தைச் சொல்பவை, வசனத்தின் சொற்களை அல்ல என்று காரணத்தோடு நிறுவுகிறார். எதிராளி இல்லாவிட்டாலும் ஒரு ஷீஆ மாணவனுக்கு இந்தப் பதில் தேவை. அதனால்தான் அது நிற்கிறது.

மூன்றாமவர் டமஸ்கஸில் வாழ்ந்த ஸெய்யித் முஹ்ஸின் அல்அமீன் (மறைவு 1952). 1920களின் நடுப்பகுதியில் மதீனாவின் பகீ மையவாடியில் நான்கு இமாம்களின் அடக்கத்தலத்துக் குவிமாடங்கள் இடிக்கப்பட்ட பிறகு, 'கஷ்புல் இர்தியாப்' என்ற பெரிய மறுப்பு நூலை எழுதினார். வஹ்ஹாபிகளைக் கவாரிஜ்களோடு ஒப்பிடும் பகுதி அதில் உண்டு. பட்டத்துக்குப் பட்டம் கொடுக்கும் அந்தப் பகுதி எனக்கு உவப்பில்லை. ஆனால் அதே காலப்பகுதியில், 1928 அளவில், அதே பேனா 'அத்தன்ஸீஹ்' என்ற சிறுநூலையும் எழுதியது. ஆஷூரா நாளில் வாளால் தலையைக் கீறிக்கொள்வது ஹராம் என்று தம் மக்களுக்கே சொன்ன நூல் அது. நஜபில் அதனால் பெரும் அமளி. அவரை ஆதரித்தவர்களை 'உமவிகள்' என்று ஏசினார்கள். ஒரு ஷீஆவுக்கு இதைவிடப் பெரிய ஏச்சு ஏது? அக்காலத்தின் பெரிய மர்ஜஃ அபுல் ஹஸன் இஸ்பஹானி அவர் பக்கம் நின்றார்.

வெளியிலிருந்து அடி விழும் நேரத்தில் உள்வீட்டுக் குறையைப் பேசாதே என்பதுதான் எல்லாச் சமூகங்களிலும் கேட்கும் புத்திமதி. அல்அமீன் அதைக் கேட்கவில்லை. அவரைக் கண்டிக்கும் ஸலபி எழுத்தாளர்கள் 'கஷ்புல் இர்தியா'பை மேற்கோள் காட்டும்போது 'அத்தன்ஸீ'ஹையும் சேர்த்து வாசிப்பது நேர்மை. அவரைக் கொண்டாடும் ஷீஆக்களுக்கும் அதே கடமை உண்டு.

இந்த நூல்கள் தமிழில் வர வேணும். கூடவே, அவை மறுக்கும் நூல்களும் முழுமையாக வர வேணும். இப்போது நம் கைக்கு வருவதெல்லாம் இரு தரப்பும் வெட்டி எடுத்த துண்டுகள்தான். முழு நூலையும் வாசித்த பிறகும் நான் ஷாபிஈயாகத்தான் இருக்கிறேன். ஆனால் கிப்லாவை நோக்கித் தொழும் ஒருவரை முஸ்லிம் இல்லை என்று சொல்ல என் நாவு இப்போது துணிவதில்லை.