கிருஷ்ணன்–பஞ்சு: புகழும் பொறுப்பும்

சாரல் விழுந்த ஒரு மாலை. பள்ளி முடிந்து, தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் மாணவர் சிலருடன் நடந்து கொண்டிருந்தோம். முந்தைய இரவு தொலைக்காட்சியில் 'ரத்தக்கண்ணீர்' பார்த்த ஒருவன் கேட்டான்: "தப்பு செஞ்சா குஷ்டம் வருமா, சார்?"

விளையாட்டுக் கேள்வியன்று அது. அவன் தெருவில் ஒரு முதியவர் உண்டு. அந்நோய் கண்டு, மருந்துண்டு, முற்றும் குணமடைந்தவர். மடங்கிய விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆளில்லை. 'அவர் என்ன பாவம் செய்தாரோ' என்று தெரு பேசுகிறது. அந்தப் பேச்சுக்குத் திரையிலும் சான்று கிடைத்து விட்டதோ என்று பையன் கலங்குகிறான்!

நாம் திடுக்கிட்டோம். பகுத்தறிவுப் படமென்று மேடைதோறும் பாராட்டிய படமல்லவா அது? விடை தேடப் புகுந்தபோது, அதை இயக்கிய இருவரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பதும் புலனாயிற்று.

ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு. இருவர் பெயரும் இணைந்து ஒரே பெயராயின. இயக்கத்தோடு படத்தொகுப்பும் பஞ்சுவின் கைவேலை. 'பஞ்சாபி' என்ற பெயரில் அதைச் செய்தார். 1944-இல் 'பூம்பாவை'; எலும்பு பெண்ணாகும் புராணக் கதை! 1949-இல் 'நல்லதம்பி', அண்ணாவின் எழுத்து, கலைவாணரின் நடிப்பு, மதுவிலக்கின் முழக்கம். 1952-இல் 'பராசக்தி'. 1954-இல் 'ரத்தக்கண்ணீர்'. பின்னர் 'தெய்வப்பிறவி', 'அன்னை', 'சர்வர் சுந்தரம்', 'குழந்தையும் தெய்வமும்', 'உயர்ந்த மனிதன்', 'எங்கள் தங்கம்'. இந்தியிலும் படங்கள். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும். ஐந்தருவியில் ஒரே ஆறு ஐந்தாகப் பிரிந்து விழுவதைப்போல, ஒரே இணையிடமிருந்து புராணமும் புரட்சியும், குடும்பக் கண்ணீரும் நகைச்சுவையும் பிறந்தன.

இங்கே நண்பர் சிலர் குறுக்கிடுவர்: "அவர்கள் கூலிக்கு அமர்ந்த கலைஞர்கள். படநிலையம் முதலாளியுடையது. கதை ஒருவருடையது, வசனம் மற்றொருவருடையது. சீர்திருத்தத்தின் பெருமை எழுதியவருக்கே!"

பாதி உண்மை. மறு பாதி? 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கலைஞரின் வசனம் நெருப்பு, ஐயமில்லை. ஆயினும் அந்த நெருப்பை அணையாமல் அரங்கின் கடைசி வரிசை வரை கொண்டு சென்றவர் யார்? திரைக்குப் புதியவரான கணேசனின் முகத்தில் எப்போது ஒளி விழவேண்டும், பேச்சை எங்கே வெட்டாமல் ஓடவிட வேண்டும், கேட்போர் முகத்தை எந்த நொடியில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? கோயிலுக்குள் பூசாரி பெண்ணை வேட்டையாட முனையும் காட்சியை, தடை செய்யச் சொல்லி எதிர்ப்புக் கிளம்பும் அளவுக்குக் கூர்மையாக்கியது எழுத்து மட்டுமா? இல்லை. படம்பிடித்த கண்ணுக்கும் தொகுத்த கைக்கும் அதில் உரிய பங்குண்டு. அந்தப் பங்கை வழங்க மறுப்பது நன்றியாகாது.

புகழில் பங்குண்டு என்றால் பொறுப்பிலும் பங்குண்டு. 'ரத்தக்கண்ணீர்' திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா மேடைதோறும் நடித்த நாடகம். மேல்நாட்டு மோகத்தில் தாயையும் தொழிலாளியையும் இகழும் செல்வனை அது கிழித்துக் காட்டிற்று. தன் மனைவிக்கே மறுமணம் செய்து வைக்கும் அதன் முடிவு, 1954-இல் எவ்வளவு துணிவு! அதை எவரும் குறைத்துரைக்க முடியாது.

ஆனால் அவன் குற்றத்துக்குத் தண்டனையாக வருவது எது? தொழுநோய். நாடகத்திலேயே இருந்ததுதான்; மறுக்கவில்லை. ஆயினும் மேடையில் தொலைவில் தெரிந்த முகம், திரையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அருகில் கொண்டுவந்து அச்சமூட்டியது இயக்குநரின் கலை. நீதிமன்றக் காட்சியில் நம்மை எழுப்பிய அதே கலை!

கர்ம வினையைக் கேலி செய்யும் படத்துக்குள் கர்ம வினையே வேடமிட்டு நுழைந்து விட்டது. தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதை 1873-இலேயே கண்டறிந்தார். படம் வந்தபோது டாப்சோன் மருந்து வழக்கத்துக்கு வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயைப் போக்குகிறது. நுண்ணுயிர் ஒழுக்கம் பார்த்துப் பற்றுவதில்லை; ஏழையையும் பற்றும், குழந்தையையும் பற்றும். இருந்தும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் இந்நாட்டில் 2019-இல்தான் நீங்கின. அவ்வளவு ஆழமாய் வேரோடிய வெறுப்புக்குத் திரையும் நீர் வார்த்தது என்பது கசப்பான உண்மை.

இதைச் சொன்னால் எதிரிகள் மகிழ்வார்களே என்று அஞ்சுவோர் உண்டு. மகிழட்டும்! பிறர் புராணத்தை ஆராயும் உரிமை, நம் படைப்பை ஆராயும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. கிருஷ்ணனும் பஞ்சுவும் சிலையாக்கி வணங்கத்தக்கவர் அல்லர். தூற்றி ஒதுக்கத்தக்கவரும் அல்லர். வந்த கதையையெல்லாம் தேர்ந்த திறமையோடு படமாக்கிய தொழிலறிஞர்கள். கதையில் அறிவு இருந்தபோது அவர்கள் கலை அறிவைப் பெருக்கிற்று. அச்சம் இருந்தபோது அச்சத்தையும் பெருக்கிற்று.

"தப்புக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை, தம்பி" என்று அன்று மாணவனிடம் சொன்னோம். காரணத்தையும் விளக்கினோம். அடுத்த ஞாயிறன்று அந்த முதியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் தந்த தேநீரை அவனும் நாமும் அருந்தினோம். தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்றே அமர்ந்திருந்தோம்.