இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சுவர்

1967 முதல் 1969 வரையிலான செவர்லே கமாரோவின் பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவர் நிற்கும். அதுதான் ஃபயர்வால். சூடும் புகையும் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அழகுக்காகச் செய்ததல்ல. ஹீட்டருக்கு ஒரு பெரிய ஓட்டை, வயர் கட்டுக்கு இன்னொன்று, போதாததற்கு அங்கங்கே மடிப்புகள்.

பழைய கார்களை இஷ்டப்படி மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட்ராட் பட்டறைகளில், ஓட்டைகளை அடைத்து இந்தச் சுவரை வழவழப்பாக்குவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. தகரத் துண்டை ஓட்டைக்கு அச்சாக வெட்டி, மூலைகளை உருட்டி, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைக்கிறார்கள். இங்கே ஒரு பொட்டு, அடுத்தது எதிர்ப்பக்கம், நடுவில் ஆற விடுவது. அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். பிறகு கிரைண்டர், மெல்லிய பட்டி, கட்டையில் சுற்றிய உப்புத்தாள்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். பட்டியின் மேல் கறுப்புப் பவுடரைப் பூசித் தேய்ப்பார்கள். மேடு வெளுத்துவிடும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். கண் ஏமாந்ததைப் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு.

அசல் நிலையிலேயே பிழைத்திருக்கும் வண்டியில் இதைச் செய்வது எனக்கு ஒப்பாது. எவரோ ஏற்கெனவே கண்டபடி துளை போட்டுவைத்த வண்டிதான் இதற்கு லாயக்கு. அதிலும் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் உள்ள வழிகளை அடைக்க முடியாது. ஹீட்டர் வேண்டுமானால் டாஷ்போர்டுக்கு அடியில் புதுப் பெட்டி வைத்து, குழாய்களைக் கண்ணில் படாத மூலை வழியாகக் கொண்டுபோகவேண்டும்.