விளையாட்டு எழுத்தும் வயதுவந்த வாசகரும்

1

போன தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்திருந்த பள்ளித் தோழன் ஒருவன், பெட்டியைத் திறந்து துணிமணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகைகளை எடுத்துத் திண்ணையில் வைத்தான். டொராண்டோவில் கணினி வேலை பார்க்கிறவன். ‘நீதான் பத்திரிகைன்னா உயிரை விடுறவனாச்சே, இதையும் படிச்சுப் பாரு’ என்றான். எல்லாம் ஸ்நோபோர்டிங் பற்றியவை. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் வார்போட்டுக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் விளையாட்டு. முப்பத்தாறு வயதில் இதைக் கற்கத் தொடங்கி, முதல் பருவத்திலேயே மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன் அவன். டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், காலிங்வுட் பக்கம் ப்ளூ மவுண்டன் என்ற இடத்துக்குப் பனிக்காலச் சனிக்கிழமைகளில் போகிறானாம்.

‘ரெண்டு வருஷமாத் தேடுறேன்டா. எல்லாம் பதினேழு வயசுப் பசங்களுக்காகப் போடுறது. என்னை மாதிரி ஆளு உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஒண்ணும் சிக்கல. கடைசியா ஒண்ணு ரெண்டு கெடைச்சுது’ என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திருவிடைமருதூர்க்காரனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு நடப்பது. புலம்பெயர்ந்தவர்களின் எழுத்தில் வந்த பனியையும் நாம் இழப்பின் பெயராகத்தான் படித்திருக்கிறோம். 1994இல் வந்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்புக்கு ‘பனியும் பனையும்’ என்று பெயர் வைத்தார்கள். போய்ச்சேர்ந்த இடமும் விட்டுவந்த இடமும் அந்தத் தலைப்பிலேயே எதிரெதிராக நிற்கின்றன. அந்தப் பனியில் ஒரு தமிழன் சறுக்கி விளையாடக்கூடும் என்பது என் வாசிப்புப் பழக்கத்தில் எங்கும் இல்லை.

ஆனாலும் அவன் கேள்வி என்னை விடவில்லை. விளையாட்டைப் பற்றி வயதுவந்தவர்கள் படிக்கும்படியான எழுத்து என்பது எது? தமிழில் அது ஏன் இவ்வளவு குறைவு? அதில் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்குப் பங்கு உண்டா? மூன்று இரவுகள் அந்தக் கட்டோடு உட்கார்ந்தேன்.

2

கட்டில் பெரும்பகுதி ஒரே பிரதியின் பல அச்சுகள் என்று சொல்லலாம். அட்டையில் ஒரு இளைஞன் அந்தரத்தில் நிற்கிறான். உள்ளே இன்னும் இருபது பேர் அந்தரத்தில் நிற்கிறார்கள். எவனும் தரையில் இறங்குவதில்லை. எது கட்டுரை, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு முதல் இரவு முழுக்கத் தேவைப்பட்டது. கட்டுரையிலும் பலகையின் பெயர் இருக்கிறது, கண்ணாடியின் பெயர் இருக்கிறது. மலையின் பெயர் சில சமயம் இருக்கிறது. அந்த மலை யாருடையது என்பது இல்லை. அந்தப் பையனுக்கு நாற்பது வயதில் முழங்கால் என்ன ஆகும் என்பதும் இல்லை. உடல் முழுக்கக் காட்சியாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வலிக்கிற, மூப்படைகிற, கூலி வாங்குகிற உடல் அங்கே இல்லை.

இதைப் ‘பையன்களின் எழுத்து’ என்று வயதை வைத்து ஒதுக்கிவிட முடியாது. அதன் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையின் பெரிய இதழ்களில் ஒன்றான ‘ட்ரான்ஸ்வேர்ல்ட் ஸ்நோபோர்டிங்’ 1987இல் தொடங்கி 2019இல் அச்சை நிறுத்தியது. இந்த வகை இதழ்களைத் தாங்கியது பலகையும் சட்டையும் விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பணம். வாங்கும் வயதில் உள்ளவன்தான் அங்கே வாசகன். அவன் கைபேசித் திரைக்குப் போனான், விளம்பரமும் கூடவே போயிற்று, பத்திரிகை நின்றது. வாசகனை நுகர்வோனாக மட்டும் கட்டமைத்த பிரதிக்கு, நுகர்வோன் வேறு கடைக்குப் போனபின் இருக்க இடமில்லை.

கட்டின் அடியில் இருந்தது வேறு சங்கதி. 2001இல் ‘ஃப்ரீக்வென்ஸி’ என்ற பெயரில் அமெரிக்காவின் பெல்லிங்ஹாமிலிருந்து தொடங்கிய ‘தி ஸ்நோபோர்டர்ஸ் ஜர்னல்’. தடித்த தாள், நீண்ட கட்டுரைகள், குறைந்த விளம்பரம். இந்த வழிக்கு முன்னோடி அலைச்சறுக்குக்காரர்களின் ‘தி சர்ஃபர்ஸ் ஜர்னல்’. அதுவரை வெகுஜன அலைச்சறுக்கு இதழொன்றின் பதிப்பாளராக இருந்த ஸ்டீவ் பெஸ்மன், மனைவி டெபியோடு சேர்ந்து 1992இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. கொஞ்சம் விளம்பரதாரர்கள் போதும், மிச்சம் சந்தாதாரர் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு. படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். இது நம்முடைய கணக்கு அல்லவா? எழுத்துக்காக ஒரு சின்னக் கூட்டம், அந்தக் கூட்டத்தின் கைக்காசு. அவர்களுடைய தாளின் பளபளப்பு நமக்குக் கிடையாது, விலையும் நமக்குக் கட்டாது. ஆனால் வாசகனை நம்புகிற முறை ஒன்றுதான்.

3

அப்படியானால் ‘வயதுவந்த’ என்பதன் பொருள் என்ன? என் தோழன் சொன்னது: ‘இதுல பழைய ஆளுங்களப் பத்தி எழுதுறான், விழுந்தவனப் பத்தி எழுதுறான்.’ சரிதான். நான் ஒரு படி கூடுதலாகச் சொல்வேன். களம் யாருடையது, விதி யார் போட்டது, யார் உள்ளே வரவில்லை, ஆட்டம் முடிந்தபின் அந்த உடல் எங்கே போனது என்று கேட்கிற எழுத்தே வயதுவந்தவர்களின் எழுத்து. இந்த விளையாட்டிலேயே அதற்கு வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது.

1965இல் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தன் பிள்ளைகள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பிணைத்ததிலிருந்து இதன் கதையைச் சொல்வார்கள். வீட்டுக் கொல்லையில் பிறந்த ஆட்டத்தை ஸ்கீ மலைகள் நெடுநாள் உள்ளே விடவில்லை. அமெரிக்காவில் ஆல்டா, டீர் வேலி, மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று இடங்களில் இன்றும் ஒற்றைப் பலகைக்காரருக்கு அனுமதி கிடையாது. ஆல்டாவின் சரிவுகளில் பெரும்பகுதி அரசின் வனத்துறை நிலம். பொது நிலத்தில் எங்களை எப்படித் தடுப்பீர்கள் என்று 2014இல் சமத்துவ உரிமையின் பெயரில் வழக்குப் போட்டார்கள். தடுத்தது தனியார் நிறுவனம், அரசு அல்ல என்ற காரணத்தில் வழக்கு தள்ளுபடியானது. 2016இல் மேல்முறையீட்டிலும் அதே கதி.

1998இல் நகானோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்ந்தபோது, அன்றைக்கு இதில் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட நார்வேக்காரர் டெர்ஜே ஹாகன்சன் போகவில்லை. வீரர்களுடைய சொந்தக் கூட்டமைப்பை ஒதுக்கிவிட்டு, ஸ்கீ கூட்டமைப்பின் கையில் ஒலிம்பிக் குழு அதிகாரத்தைக் கொடுத்தது என்பது அவர் குற்றச்சாட்டு.

ஆல்டாவின் தடையைச் சேரியின் தடையோடு ஒப்பிட நான் வரவில்லை. பணமுள்ளவர்களுக்குள் நடக்கும் சண்டை அது. எவன் குடிசையும் எரியவில்லை. ஆனால் ‘யாருடைய நிலம்’ என்ற கேள்வி அங்கேயும் ஆட்டத்துக்கு நடுவில்தான் நிற்கிறது.

4

இனி நம் பக்கம். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் ஊர் சலூனில் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ நடுப்பக்கப் படங்கள் ஒட்டியிருக்கும். 1978 முதல் வரும் ஆங்கில இதழ். படம் எங்களுக்கு, எழுத்து வேறு யாருக்கோ. தமிழில் எஸ். நவராஜ் செல்லையா ‘விளையாட்டுக் களஞ்சியம்’ நடத்தினார்; விதிகள், பயிற்சி, உடல்நலம் என்று நூல்களாக எழுதிக் குவித்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அது உடற்கல்வி ஆசிரியரின் விசிலோடு வந்த எழுத்து. எப்படி ஆடுவது என்று சொல்லும், யார் ஆடுகிறார்கள் என்று கேட்காது. நாளிதழ்களின் கடைசிப் பக்கம் எண்ணிக்கைகளோடு முடிந்துவிடுகிறது.

இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இருக்கிறது: காளையும் மனிதனும் ஜமீன்தாரின் மானமும் ஒரே திடலில். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் கிரிக்கெட் ஆடுகிற பையனைச் சுற்றி ஐதராபாத் சமஸ்தானமே நொறுங்குகிறது. செல்லப்பாதான் 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் வந்த நாம் அவரிடமிருந்து விமர்சனத்தை எடுத்துக்கொண்டோம், மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டோம்.

கோட்பாடு பேசியவர்களும் அப்படியே. ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதல் கட்டுரை மல்யுத்தத்தைப் பற்றியது. ஆசிரியனின் மரணத்தைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடிய நாம் அந்த மல்யுத்தக்காரனை ஏறெடுத்துப் பார்த்தோமா? சி.எல்.ஆர். ஜேம்ஸ், ட்ரினிடாடில் ‘தி நேஷன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்துகொண்டு, ஃப்ராங்க் வொரல் என்ற கறுப்பரை மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராக்க வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1960இல் அது நடந்தது. பத்திரிகை எழுத்து அங்கே காலனியத்தோடு நேருக்கு நேர் மோதியது. நம் இயக்கத் தோழர்களோ விளையாட்டை மக்களின் கவனத்தைத் திருப்பும் அபின் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். முடித்துவிட்டுக் கைபேசியில் ஸ்கோர் பார்க்கிறார்கள். நானும்தான்.

இதற்கு விலை உண்டு. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் கத்தக்குறிச்சிக்காரர். செங்கல் சூளைக் கூலிக் குடும்பம். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றி நாடே பேசியது. சோதனை செய்ய யாருக்கு என்ன உரிமை, அவருக்கு என்ன சொல்லப்பட்டது, முடிவு ஏன் சந்தியில் வைக்கப்பட்டது என்ற கேள்விகள் தாமதமாகவும் தனித்தனியாகவும்தான் வந்தன. 2015இல் தூத்தி சந்த், விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட விதியொன்றை நிறுத்திவைக்கச் செய்தபோது சாந்திக்கு அந்த ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உடல் அரசியல் என்று அத்தனை கட்டுரைகள் எழுதிய நமக்கு, சாந்தியின் உடல் அரசியலாகப் பட ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? அவர் கவிதை எழுதவில்லை, ஓடினார் என்பதாலா?

5

என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷம் இருக்கும். சம்பா அறுத்த வயலில் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் கபடிப் போட்டி. அணிகளுக்குத் தெருவின் பெயர்தான். தெருவின் பெயர் என்றால் என்னவென்று டெல்டாக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரையிறுதியில் காலனி அணி ஜெயித்து, இறுதி ஆட்டத்துக்கு எங்களோடு மோத நின்றது. அன்று ராத்திரி வயல்காரர், விடிந்தால் வயலை உழப்போகிறேன், இனி ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் வயலும் உழப்படவில்லை, ஆட்டமும் நடக்கவில்லை. கோப்பை எங்களுக்கு. பேப்பரில் எங்கள் அணி ‘வெற்றி பெற்றது’ என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டவன் நான். தமிழ் எம்.ஏ. படித்து, பிரதியின் மௌனங்கள் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். கையிலேயே இருந்த அந்த ஒரு வரியின் மௌனத்தைப் பற்றி இன்றுவரை எழுதியதில்லை.

எங்கள் அணியில் பாடிப்போவதில் கெட்டிக்காரன் இப்போது பனியில் சறுக்கும் இந்தத் தோழன்தான். கிளம்புகிற அன்று பத்திரிகைக் கட்டை என்னிடமே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: ‘காலனி டீம்ல இடது கார்னர்ல ஒருத்தன் நிப்பானே, கணுக்காலப் புடிச்சா விடமாட்டான். அவன் இப்ப எங்கடா இருக்கான்?’

தெரியாது என்றேன். பிறகு விசாரித்தேன். திருப்பூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

நமக்குத் தனி விளையாட்டு இதழ் தொடங்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இந்த இதழ் ஆண்டுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கினால் போதும். களம் யாருடையது என்பதிலிருந்து தொடங்கும் எட்டுப் பக்கம். முதல் கட்டுரைக்கு நான் திருப்பூர் போகத் தயார். அவர் என்னோடு பேச ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பாவிட்டால் அதையும் எழுத வேண்டும்.