சிவந்த முகமும் கறுத்த முகமும்

உள்ளத்து உணர்ச்சி முகத்தில் தோன்றும் என்பது உலகறிந்த உண்மை. தோன்றியதை எந்த அடைமொழியால் சொல்வது என்பதே எழுதுவோர் முன் நிற்கும் வினா. இக்காலக் கதைகளில் சினந்தவன் முகமும் சிவக்கிறது. நாணியவள் முகமும் சிவக்கிறது. ‘சிவந்த’ என்னும் ஒரு சொல்லே இரண்டு சுமைகளையும் தாங்குகிறது. இது நம் மொழியின் வழக்குத்தானா என்று ஆராய்தல் தகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரைக்கு அப்பால் உள்ள போனக்காட்டிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவது பொருத்தமே. 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் புறப்படும் இடம் அது. தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் எனப் போற்றப்படும் அகத்தியரின் மாணவரே தொல்காப்பியர் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலையடியில்தான் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, லயங்களில் வாழ்ந்தனர்.

தொல்காப்பியர் உரியியலில், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் சினம் என்பதையே பொருளாக ஓதுகிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அடுத்த நூற்பாவிலேதான் சொல்கிறார். சினத்துக்கு ஒன்றன்று, இரண்டு நிறங்களைத் தமிழ் கண்டிருக்கிறது!

சொல்லின் வடிவமும் நோக்கத்தக்கது. ‘செம்முகம்’ என்பது இயல்பு. ‘சிவந்த முகம்’ என்பது நிகழ்ச்சி. நற்றிணையில் மந்திக்குச் செம்முகம் என்னும் அடை வருகிறது. அதன் முகம் என்றும் அந்நிறமே. ‘சிவந்த’ என்னும் பெயரெச்சமோ காலம் காட்டுவது. சற்று முன் அவ்வாறு இல்லை என்பதையும் உடன் உரைப்பது. ஆயினும் எதனால் சிவந்தது என்பதை அது தானாகச் சொல்லாது. நெடுநேரம் நீராடினாலும் கண் சிவக்கும் என்பதைக் குறுந்தொகைத் தோழி ஒருத்தி எடுத்துக்காட்டவில்லையா?

நாணத்தின் நிலை வேறு. நம் பழம்பாடல்களில் நாணியவள் தலை கவிழ்வாள்; கண் புதைப்பாள்; கால்விரலால் நிலம் கீறுவாள். நாணம் அங்கே நிறமாக அன்று, செயலாகவே பெரிதும் புலப்படுகிறது. கன்னம் சிவத்தலை நாணத்தின் முதல் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம், ஆங்கிலப் புதினங்களைப் பயின்றதன்பின் நம் கதைகளில் பெருகியது என்று கருத இடமுண்டு. வெளிறிய தோலில் குருதி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கருநிறத்தாரும் நாணத்தால் முகம் வெம்மையுறுவர். எனினும் நிறமாற்றம் எளிதில் தெரியாது. டார்வின் 1872-இல் வெளியிட்ட மெய்ப்பாடுகள் பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரத் துரை சினந்தால் அவர் முகம் சிவந்திருக்கும். எதிரே நின்ற தொழிலாளிக்கும் சினம் உண்டு. அதை வெளியிடும் உரிமைதான் இல்லை. அடக்கிய சினமும் அவமானமும் ஒன்றாகச் சேர்ந்த அம்முகத்தை ‘அவன் முகம் கறுத்தது’ என்றே நம் பேச்சுவழக்கு சொல்லும். அண்டை வீட்டு மலையாளியும் ‘முகம் கறுப்பிக்குக’ என்று மனக்கசப்பைக் குறிக்கிறார். தொல்காப்பியர் ஓதிய கறுப்பு இரு மொழிகளிலும் இன்றும் உயிரோடு இருப்பதை இங்கே காணலாம். அத்தொழிலாளியின் கதையை எழுதுபவர் ‘முகம் சிவந்தான்’ என்று எழுதிவிட்டால், விழுங்கப்பட்ட சினம் மறைந்து, வெளியே வெடித்த சினமாகிவிடும். ஓர் அடைமொழி மாறினால் ஒருவனுடைய வாழ்க்கையே மாறித் தோன்றுகிறது.

இன்னும் சொற்கள் உள்ளன. சுடுசொல்லால் நொந்தது கன்றிய முகம். அஞ்சியது வெளிறிய முகம். ஏமாந்தது வாடிய முகம். மலையாளத்தில் ‘துடுத்த’ என்று சிவந்து பொலியும் கன்னத்தைச் சொல்வர். அது அழகின் சொல். இவற்றுக்கெல்லாம் ‘சிவந்த’ என்பதையே ஈடாக்குவது, செல்வம் நிறைந்த வீட்டில் ஒரே பாத்திரத்தில் உண்பது போன்றது.

போனக்காட்டுத் தேயிலை ஆலை ஓய்ந்துவிட்டது. பல குடும்பங்கள் மலையிறங்கிவிட்டன. பிற மொழிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, பாட்டிமார் பேச்சில் வாழும் கறுத்த முகத்தையும் கன்றிய முகத்தையும் கற்பிப்பது நம் கடமை. தம் முன்னோர் அடக்கிக்கொண்ட சினத்தை அவர்கள் அறிவதற்கு அச்சொற்களே வழி.