கமலா ஏன் மறுத்தாள்?

விக்டோரியா காலத்து ஆங்கில இலக்கியத்தை ஆராய்வோர், 1859இல் வெளிவந்த டார்வினின் நூலையும், அது அந்நாட்டாரின் சமய நம்பிக்கையில் எழுப்பிய கலக்கத்தையுமே பெரிதும் பேசுவர். சென்னை மாகாணத்திற்கு விஞ்ஞானம் அந்த வழியாக வரவில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து நம் ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை ஓடிய இரயிலாக வந்தது. பின்னர், அந்நிய ஆடவர் தொடலாகாத பெண்ணின் நாடியைப் பார்க்க நீண்ட மருத்துவரின் கையாக வந்தது. பின்னதே நம் வீடுகளை அதிகம் உலுக்கிற்று என்பது நமது கருத்து.

1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துத் திரைக்குள்ளேயே துன்புற்ற பெண்களைக் கண்டு மனம் வருந்திய அந்த அம்மையாரின் முயற்சியால், 1885இல் கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆயினும் பூவிருந்தவல்லியிலிருந்து பிரசவத்திற்குப் பெண்களை அழைத்துச் சென்ற நம் நன்னிமார், கடைசிவரை ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்தனர்.

அக்கல்லூரியில் 1878இல் சேர்ந்தவர் கிருபாபாய். அகமதுநகரில் 1862இல் பிறந்தவர். மருத்துவம் பயில இங்கிலாந்து செல்ல இருந்தவரை உடல்நலம் தடுத்தது. சென்னையில் தொடங்கிய படிப்பையும் அதே நோய் முறித்தது. பின்னர் சாமுவேல் சத்தியநாதனை மணந்து, ஆங்கிலத்தில் ‘சகுணா’, ‘கமலா’ என இரு நாவல்கள் எழுதினார்.

‘சகுணா’ அவருடைய வாழ்வையே தழுவியது. நூல்களின்மீது ஒரு பெண் கொள்ளும் தாகத்தை அதில் அவர் கூச்சமின்றி எழுதிச் செல்கிறார். ‘கமலா’ வேறு. தந்தையிடம் கல்வி கற்ற அந்தணப் பெண், மாமியார் வீட்டில் அல்லலுற்று, இளமையிலேயே விதவையாகிறாள். அவளை நேசிக்கும் இராமச்சந்தர் மறுமணம் செய்துகொள்ள அழைக்கிறான். அவள் உள்ளமும் அவன்பால் சாய்கிறது. இருந்தும் மறுத்துவிட்டுத் தருமப் பணிகளில் வாழ்வைக் கழிக்கிறாள்.

இம்முடிவைக் கோழைத்தனம் என்பாரும் உளர். அ. மாதவையா, 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கி இடையில் நின்ற தம் கதையை 1903இல் ‘முத்துமீனாட்சி’யாக வெளியிட்டபோது, அந்த இளம் விதவைக்கு மறுமணம் செய்வித்தே முடித்தார். துணிவில் அவர் முந்துகிறார், ஐயமில்லை. ஆனால் கமலாவின் மறுப்பு பொய்யன்று. தடை அவளுக்கு வெளியே இல்லை, இரத்தத்தில் கலந்திருக்கிறது என்பதை ஆசிரியை அறிந்திருந்தார். நாம் காணும் குறை வேறு. தாம் மிதித்த கல்லூரி வாசலைத் தம் கதாநாயகிக்கு அவர் காட்டவேயில்லை. மணம் அல்லது தருமம் என்ற இரண்டுக்கு அப்பால் மூன்றாவது வழி ஒன்று சென்னையில் திறந்திருந்ததை அவரன்றி யார் அறிவார்?

விதவை மணம் நமக்கு விலக்கன்று. அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் விதவையாக இருந்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணந்தார்கள். ஆனாலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இளவயதில் கணவனை இழந்த நம் பெண்களில் மறுமணம் கண்டோர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளைக் காட்டி, ஊர்ப்பேச்சைக் காட்டி, பெரியவர்களே வாயை அடைத்துவிடுகிறார்கள். கமலா நம் தெருவிலும் இருக்கிறாள்.

கிருபாபாய் முஸ்லிம் சிறுமியருக்கான ஹோபார்ட் பள்ளியில் கற்பித்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ‘சகுணா’வைக் கிறித்தவ வாழ்வின் கதை என்றும், ‘கமலா’வை இந்து வாழ்வின் கதை என்றும் தலைப்பிலேயே குறித்தார். தம்முன் நாள்தோறும் அமர்ந்திருந்த அச்சிறுமியரில் ஒருத்தியை நடுவில் நிறுத்தி மூன்றாவது நாவல் ஒன்று வரவில்லை. 1894இல் அவர் மறைந்தபோது வயது 32.